மூன்றாம் எண் கண்ணாடி

அந்தக் குமிழைக் காணவில்லை.

காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கிழக்குச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தேன். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அதன் குறுக்கே, ஆட்காட்டி விரல் நீளத்தில் ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. அதன் இடது ஓரத்தில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழ் இருக்க வேண்டும். இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். துண்டு முழுசாக, ஒரு கீறலும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அப்படி இருந்ததுதான் தப்பு.

எங்கள் பள்ளி தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. திருச்சபை நடத்தும் உதவிபெறும் பள்ளி. நடுவில் நிற்கும் சிவப்புக் கட்டடம் நூறு வயதைத் தாண்டியது. இரண்டடி கனத்துக்குச் சுண்ணாம்புச் சுவர்கள். தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தளம். கீழே ஆறு வகுப்புகள், மேலே ஒரு பெரிய கூடம். அந்தக் கூடத்தைக் கம்ப்யூட்டர் அறையாகவும் நூலகமாகவும் மாற்றுவது, கிழக்கே மூன்று மாடிப் புதுக் கட்டடம் எழுப்பி இரண்டையும் ஒரு நடையால் இணைப்பது என்பது திட்டம். பிள்ளைகள் கூடிக்கொண்டே இருந்தார்கள். வேறு இடம் இல்லாததால் வேலை நடக்கும்போதே கீழ் வகுப்புகளும் நடந்தன.

புதுக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்காகப் பழைய சுவரிலிருந்து எட்டடி தள்ளிக் குழி எடுத்தார்கள். இந்தப் பக்கத்து மண்ணில் கொஞ்சம் ஆழம் போனதுமே தண்ணீர் ஊறிவிடும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தார்கள். குழாய் வழியாகக் கலங்கல் தண்ணீர் தெருச் சாக்கடையில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் கிழக்குச் சுவரில் விரிசல்கள் தெரிந்தன. மொத்தம் ஐந்து.

வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் என் வயதுக்காரர். பழைய ஜன்னல் கண்ணாடிகளில் ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்துப் பட்டைகளாக வெட்டச் சொன்னார். ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் ஒரு பட்டையை வைத்து, இரு முனைகளையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டினார். பக்கத்துச் சுவரில் எண்ணும் தேதியும் எழுதினார்.

“இதுக்கு டெல்டேல்னு பேரு மேடம். விரிசல் பழசா, இல்ல இன்னும் ஓடுதான்னு இதுதான் சொல்லும். சுவர் நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, பட்டுனு போயிடும். தினம் ஒருத்தர் பார்த்து எழுதணும். ஒண்ணு உடைஞ்சாலும் எனக்கு உடனே போன் பண்ணணும்.”

தலைமையாசிரியர் என்னைக் கைகாட்டினார். “எழுதறதுக்கு எங்க கணக்கு டீச்சரை விட்டா யாரு சார்? வீட்டு கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்துச்சுன்னுகூட எழுதி வெக்கிறவங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உண்மைதான். சிட்லபாக்கத்தில் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்த வருஷம், வாசற்படியில் மணிக்கு ஒரு முறை பென்சில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பயம் வந்தால் எனக்கு அளக்கத் தோன்றும். அளந்து எழுதிவிட்டால் பயம் பாதியாகும்.

முதல் நாளே ஐந்து துண்டுகளின் நீளம், நிறம், அடையாளம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ‘மூன்றாம் எண்: இடது ஓரத்தில் கடுகளவு குமிழ்’ என்பது அதில் ஒரு வரி. பிறகு வகுப்புக்குள் போய், பிள்ளைகளைப் பார்த்து என் உரத்த குரலில் சொன்னேன். “இந்தக் கண்ணாடியில யாராவது கை வெச்சீங்க, உடைச்சீங்க, அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து டி.சி.யை வாங்கிட்டுப் போகலாம். புரியுதா?”

“புரியுது மிஸ்” என்று ஐம்பத்துநான்கு குரல்கள். வராந்தாவில் ஆயாம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். அதையும் எழுதியிருக்கிறேன், காரணமே இல்லாமல்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு நாட்கள். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஐந்து எண்களுக்கும் நேராக எழுதியது ஒன்றே: மாற்றம் இல்லை. இன்ஜினியர் வாரம் ஒருமுறை வந்து நோட்டைப் புரட்டி, “பழைய விரிசல்தான் மேடம், பயப்பட ஒண்ணுமில்ல” என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மோட்டார் ஓடியது. மேல் கூடத்தில் டைல்ஸ் பெட்டிகளை ஏற்றினார்கள். வகுப்பில் பாடம் நடந்தது.

நோட்டு முடிந்து போனதால்தான் அன்று காலை எனக்கு அது தெரிந்தது. புது நோட்டின் முதல் பக்கத்தில், பழைய முதல் பக்கத்தைப் பார்த்து அடையாளங்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போது ஒவ்வொன்றையும் சரிபார்ப்பது என் வழக்கம். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று. குமிழ் இல்லை. இத்தனை நாளும் உடைந்திருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். அதே கண்ணாடிதானா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஐந்து துண்டுகளின் முனைப் பூச்சையும் நகத்தால் சுரண்டினேன். மற்ற நான்கும் பொடியாக உதிர்ந்தன. மூன்றாம் எண் உதிரவில்லை. அது வெள்ளை சிமெண்ட்.

ஆயாம்மா வராந்தாவின் மறுகோடியில் இருந்தார். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவர். அறைச் சாவிகள் அவரிடம்தான்.

“ஆயாம்மா, மூணாம் நம்பர் கண்ணாடியை யாராவது தொட்டாங்களா?”

துடைப்பம் நின்றது. “இல்லியே டீச்சர்.”

“மாத்தி ஒட்டியிருக்கு. எனக்குத் தெரியும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார். “பசங்கள ஒண்ணும் சொல்லாதீங்கோ டீச்சர். நாந்தான் மாத்துனேன்.”

“எதுக்கு?”

“ஒடஞ்சிகினு கெடந்துச்சி. நீங்கதான ஒடச்சா டீசி குடுப்பேன்னீங்கோ? அந்தச் செவுத்தோரம் குந்திகினு கீதே ஒரு பொண்ணு, எங்க பிளாக்குதான் அது. அதும் மேலதான பழி வரும்? அதோட அம்மா நாலு வூட்டுல வேல செஞ்சி படிக்க வெக்குது. டீசி குடுத்துட்டா அத்தோட முடிஞ்சிச்சி, அதுவும் பாத்திரம் தேய்க்கத்தான் போவும்.”

“எத்தனை தடவை ஆயாம்மா?”

அவர் மூன்று விரல்களைக் காட்டினார்.

“மூணு வாட்டி. மேஸ்திரி வெட்டிவெச்ச துண்டு ஸ்டோர் ரூம்புல மிச்சம் கெடந்துச்சி. கொத்தனார் கையில ஒரு பிடி வெள்ள சிமிட்டி வாங்கினேன். நல்லாத்தான ஒட்டிகீறேன்? நீங்களே கண்டுபுடிக்கல பாத்தீங்களா?” அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பழைய நோட்டைத் திறந்தேன்.

“எந்தெந்த நாள்னு ஞாபகம் இருக்கா?”

“இன்னா டீச்சர், இப்பிடி வேக்குது ஒங்களுக்கு? இருங்கோ சொல்றேன். மொத வாட்டி, மேல டைல்ஸ் பொட்டி ஏத்துனாங்களே, அதுக்கு மறாநாளு. ரெண்டாவது, பசங்களுக்கு ஊசி போட வந்தாங்களே அன்னிக்கு. அப்பறம் முந்தாநாளு.”

மூன்று நாட்களும் என் நோட்டில் இருந்தன. விரல் வைத்து எண்ணினேன். முதல் கண்ணாடி பதினேழு நாள் தாங்கியிருக்கிறது. இரண்டாவது ஒன்பது நாள். மூன்றாவது நான்கு நாள். நான்காவதை ஒட்டி இன்றோடு இரண்டு நாள். இருபத்துநான்கு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். அடுத்த எண்ணை நான் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன். இன்ஜினியருக்கு போன் செய்தேன். வண்டலூர்ப் பக்கம் வேறு வேலையில் இருப்பதாகவும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னார். “பசங்களை அந்த ரூம்ல விடாதீங்க” என்றார். தலைமையாசிரியருக்கு போன் செய்தேன். கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார், எடுக்கவில்லை. அவர் உத்தரவில்லாமல் ஒரு வகுப்பையும் இடம் மாற்றக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. அதில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். எட்டு ஐம்பதுக்கு ஜெப மணி அடித்தது. ஒன்பது பத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குள் போனார்கள். கையில் போனை வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டித் தடுத்திருக்கலாம். உத்தரவுக்காகக் காத்திருந்தேன். அவர்கள் உள்ளே போய்ப் பதினோரு நிமிடம் கழித்துத் தலைமையாசிரியர் திரும்ப அழைத்தார்.

“என்ன டீச்சர், எட்டு மிஸ்டு கால்?”

சொன்னேன்.

“இருங்க, பதறாதீங்க. ஒரு மணிக்குள்ள நான் வந்துடறேன். அந்த ஐம்பத்துநாலு பேரை எங்க உட்கார வெப்பீங்க? பேரண்ட்ஸ் காதுல விழுந்தா ஊர் பூரா பரவிடும். நேத்துகூட நீங்க மாற்றம் இல்லைன்னுதானே எழுதியிருக்கீங்க? நான் பார்த்தேனே.”

“என் நோட்டு தப்பு சார்.”

அந்தப் பக்கம் யாரோ கோப்பு கேட்கிற சத்தம் கேட்டது.

“என்ன சொன்னீங்க?”

“ஒரு மாசமா நான் எழுதினது எல்லாம் தப்பு சார்.”

“நீங்களா சொல்றீங்க,” என்றார் மெதுவாக. “அப்ப வெளிய கொண்டுவந்துடுங்க. உடனே.”

வகுப்பில் தமிழாசிரியை இருந்தார். காதோடு சொன்னதும் அவர் புத்தகத்தை மூடினார். “நீங்க வாசல்ல நில்லுங்க, நான் அனுப்பறேன்” என்றேன். மேலே பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் உத்திர இடுக்கிலிருந்து சுண்ணாம்புத் தூள் வெயிலில் மிதந்து இறங்கியது. ஒரு மாதமாக அந்தத் தூளைப் பார்த்திருக்கிறேன். பழைய கட்டடம் என்றால் தூள் கொட்டும் என்று நினைத்திருந்தேன்.

ஐம்பத்துநான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினால் அந்த அதிர்வே போதும் என்று தோன்றியது. குரல் நடுங்கக் கூடாது என்று நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டேன்.

“எல்லாரும் கேளுங்க. ஒரு போட்டி. பை, நோட்டு எதுவும் எடுக்கக் கூடாது. பெஞ்ச் பெஞ்சா எழுந்து வெளிய போகணும். யார் காலடி சத்தம் எனக்குக் கேக்குதோ அவங்க அவுட்.”

“ஜெயிச்சா என்ன மிஸ் குடுப்பீங்க?” என்றான் முன்வரிசைப் பையன்.

“முதல்ல ஜெயி. கதவோர வரிசை, எழுந்திருங்க.”

சொன்ன பிறகுதான் செய்த தவறு உறைத்தது. மூன்று வரிசைகள், வரிசைக்கு ஆறு பெஞ்ச். கதவு மேற்கே. விரிசல் கிழக்கே. ஆபத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களைத்தான் நான் கடைசியாக நிறுத்தியிருந்தேன். மாற்றிச் சொன்னால் குழம்பி மோதிக்கொள்வார்கள். கதவோர வரிசையின் பதினெட்டுப் பேரும் பூனை போல அடிவைத்துப் போனார்கள். நடு வரிசையில் இருவர் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். “நட” என்றேன். அது என் குரல் போலவே இல்லை.

நடு வரிசை பாதி போயிருக்கும்போது, விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. எங்களுக்கு அது தினசரிச் சத்தம், பாடத்தை நிறுத்திவிட்டுத் தொடருவோம். அன்று ஜன்னல் கண்ணாடிகள் கிர்ரென்று அதிர்ந்தபோது நான் சுவரைத்தான் பார்த்தேன். மூன்றாம் எண்ணுக்குக் கீழே, ஆயாம்மா சொன்ன பெண் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. அவளுக்குப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். அவள் தலைமுடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். பெயர் வரவில்லை. தினமும் வருகைப் பதிவேட்டில் நான் வாசிக்கிற பெயர்.

சுவரோர வரிசை எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெஞ்சுகளை எண்ணினேன். அவள் நான்காவது பெஞ்ச். என்னைத் தாண்டும்போது, “நான் அவுட்டா மிஸ்?” என்று ரகசியமாகக் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். கடைசிப் பையன் வாசலைத் தாண்டியதும் நானும் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். மைதானத்து வேப்பமரத்தடியில் அவர்களை எண்ணினேன். ஐம்பத்துநான்கு. மறுபடியும் எண்ணினேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பக்கத்து ஐந்து வகுப்புகளையும் அதே மாதிரி வெளியே கொண்டுவந்தோம்.

கட்டடம் விழவில்லை. அன்றும் விழவில்லை, பிறகும் விழவில்லை. எல்லோரும் மரத்தடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எப்போதும் போலச் சிவப்பாக நின்றது. சில ஆசிரியர்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சந்தேகம் வந்தது.

இன்ஜினியர் வந்ததும் முதலில் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மேலே இருந்தவர்களை இறக்கினார். மேஸ்திரியை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போய், விரிசலுக்கு நேர் மேலே, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சைக் கொத்தச் சொன்னார். நான் வாசலிலிருந்து பார்த்தேன். உத்திரத்தின் நுனி டீயில் ஊறின ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். “இந்த மரம் ஒரு அடியாவது சுவருக்குள்ள உட்கார்ந்திருக்கணும் மேடம். நுனி மக்கிடுச்சு. சுவரும் குழிப் பக்கமா நகர்ந்திருக்கு. இப்ப நல்ல மரம் சுவர் மேல நிக்கிறது இவ்ளோதான்.” இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

“எப்ப விழுந்திருக்கும் சார்?”

“அப்படியெல்லாம் சொல்ல முடியாது மேடம். இன்னும் பத்து வருஷம் நின்னாலும் நின்னிருக்கும்.” என்னைப் பார்க்காமல் கட்டடத்தைப் பார்த்தார். “இன்னிக்கு மதியம் வந்திருந்தாலும் வந்திருக்கும்.”

மாலைக்குள் அறை முழுக்க இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் பெஞ்சை நகர்த்தி, அது இருந்த இடத்தில்தான் முதல் ஜாக்கி நின்றது.

ஆயாம்மாவை வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. டி.சி. மிரட்டல் என்னுடையது, கண்ணாடி மாறியதைக் கவனிக்காததும் நான்தான் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பேச்சு நின்றது. ஆயாம்மாவிடம் கண்ணாடி எதற்கென்று உட்கார்ந்து விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “இத்த அன்னிக்கே எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல டீச்சர்?” என்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். அந்தப் பெண்ணை அவர்தான் தினமும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டி வருகிறவர்.

பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிய எதையும் அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் கையெழுத்து அவ்வளவு சீராக இருக்கிறது.

கோடை விடுமுறை முழுக்க வேலை நடந்தது. கிழக்குச் சுவரின் அடியைப் பகுதி பகுதியாகத் தோண்டிக் கான்கிரீட்டால் தாங்கினார்கள். மக்கிய உத்திரங்களுக்குப் பதில் இரும்பு போட்டார்கள். ஜூனில் புது ஆறாம் வகுப்பு அந்த அறைக்கு வந்தது. “இப்ப இது புது பில்டிங்கை விட ஸ்ட்ராங் மேடம்” என்றார் இன்ஜினியர். ஆனாலும் ஒரு வருஷத்துக்குப் பார்க்கலாம் என்று பூசிய சுவரில் மறுபடி ஐந்து கண்ணாடிகள் ஒட்டினார்.

இந்த முறை வகுப்புக்குள் ஆயாம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். “இது உடைஞ்சா யாருக்கும் திட்டு கிடையாது. எப்படி உடைஞ்சாலும் சரி, யார் உடைச்சாலும் சரி. ஓடிவந்து என்கிட்ட சொல்லணும். அவ்வளவுதான்.”

ஜூலையில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், மூணாம் நம்பர் உடைஞ்சிருச்சு. நான்தான் மிஸ். ஸ்கேல் பட்டுடுச்சு.”

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கையில் அந்த இரும்பு ஸ்கேலைப் பிடித்திருந்தாள். சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

வகுப்பு முழுவதையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தபோது ஆயாம்மா வந்தார். “அதான் நானு ஒடச்சேன்னு அதுவே சொல்லுதே டீச்சர். அப்பறம் இன்னாத்துக்கு எல்லாத்தையும் வெளிய நிறுத்திகினு கீறீங்கோ?” என்றார். கேட்டுவிட்டு, அவரும் என் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்தார்.

இன்ஜினியர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டினார். அதில் குமிழ் இல்லை, வலது ஓரம் மட்டும் லேசாகப் பச்சை. அன்றைய பக்கத்தில் எழுதினேன்: மூன்றாம் எண் உடைந்தது. காரணம், ஸ்கேல். வகுப்பு வெளியே வர எடுத்த நேரம், இரண்டு நிமிடம். சுவரோர வரிசை முதலில்.